சாராயம் குடித்த இறக்கை

விமானம் பறக்கும் என்பதை நான் முழுசாக நம்பியதில்லை. கிட்டத்தட்ட நாலு வருஷம் அதன் இறக்கைகளைத் தைத்தவன் நான், உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மெல்லிய மரச்சட்டம், சட்டத்தின்மேல் துணி, துணியின்மேல் வார்னிஷ். அவ்வளவுதான். திருவிழாவில் ஆடுகிறவன் போட்டுக்கொள்ளும் ஜரிகை அங்கி அதைவிடக் கனம். பட்டாளத்துக்குப் போகும்முன் நான் அந்த அங்கிகளைத்தான் லா பாஸில் ஒரு கடையில் தைத்துக்கொண்டிருந்தேன். இவனுக்கு ஊசி பிடிக்கத் தெரியும் என்று ஒரு சார்ஜென்ட் கண்டுபிடித்தான். வந்தது வினை.

மற்றவர்களைத் துப்பாக்கியோடு எல்லைக் காவலுக்கு அனுப்பினார்கள். என்னை நகரத்துக்கு மேலே, மேட்டு வெளியில் இருந்த விமானத் திடலுக்கு அனுப்பினார்கள். அதிர்ஷ்டக்காரன் என்றார்கள். என்னை அதிர்ஷ்டக்காரன் என்று எவன் சொன்னாலும் அவனுக்கு அதில் ஏதோ லாபம் இருக்கிறது என்று அர்த்தம்.

மேட்டில் காற்று மெலிசு. கீழ்நாட்டிலிருந்து வருகிறவன் நான்கு அடி வைத்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவான். எந்திரத்துக்கும் அதே கதிதான். கடலோரத்தில் துள்ளி ஏறுகிற விமானம் எங்கள் திடலில் கர்ப்பிணி மாடு மாதிரி ஓடும். ஓடி ஓடி, திடல் முடிகிற இடத்தில்தான் மனசு வந்து தரையை விடும். திடல் முடிகிற இடம் என்றால் கிழக்கு விளிம்பு. அதற்கப்புறம் தரை கிடையாது. கீழே பள்ளத்தில் நகரத்தின் கூரைகள்தான். ஏறாத விமானத்தைச் சில விமானிகள் வேண்டுமென்றே விளிம்பைத் தாண்டி விட்டுவிடுவார்கள். பள்ளத்துக்குள் சரிந்து வேகம் பிடித்து, அப்புறம் மேலே வருவார்கள். சிலர் வரமாட்டார்கள். இதெல்லாம் நடந்த வருஷம் ஜனவரியில் லெப்டினன்ட் ரொக்கா வரவில்லை.

கட்டாய ராணுவம் இரண்டு வருஷம்தான். என்னுடையது முடிந்து பத்து மாதம் ஆகியிருந்தது. இறக்கை தைக்க வேறு ஆள் இல்லை என்று விடாமல் வைத்திருந்தார்கள். எந்திரத்தைப் பார்த்துக்கொண்ட தொரிபியோவுக்கும் அதே கதை. தொரிபியோ என் மூத்த மகனுக்கு ஞானத்தகப்பன், அதனால் நாங்கள் ஒருவரையொருவர் கும்பாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். இரண்டு பேரும் ஐமாரா சனம், அந்த மேட்டு நிலத்துப் பூர்வகுடி. திடலின் அதிகாரி மேஜர் உர்கிதியிடம் போய்த் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது எங்களுக்கு வாராந்திர வேலை.

கடைசியில் மேஜர் ஒரு வாக்குக் கொடுத்தார். கார்னிவல் முடிந்த சாம்பல் புதனன்று ஜெனரல் திடலுக்கு வருகிறார். அவர் கண்ணெதிரே விமானம் பறந்தால் அன்று மாலையே இருவருக்கும் விடுதலைத் தாள். பறக்காவிட்டால் இன்னும் ஒரு வருஷம்.

எனக்கு அந்த ஒரு வருஷம் ஏன் முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் சமூகத்தில் நிலம் ஒருவனுக்குச் சொந்தம் கிடையாது. ஈஸ்டருக்கு முன் பெரியவர்கள் கூடி, யார் எந்தப் பங்கை உழுவது என்று முடிவு செய்வார்கள். மூன்றாம் தடவையும் ஆள் வந்து நிற்காவிட்டால் பங்கு வேறு கைக்குப் போய்விடும். நான் இரண்டு தடவை நிற்கவில்லை. என் பங்கை என் மனைவி பசிலியாவின் அண்ணன் சிமியோன் உழுதுகொண்டிருந்தான். “உனக்காகத்தான் மச்சான்” என்று சொல்லியனுப்புவான். எனக்காக என்று எவனாவது சொன்னால் நான் என் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். ஈஸ்டருக்குள் நான் ஊரில் நிற்க வேண்டும். அதற்கு அந்தத் துணிப் பறவை ஒரே ஒரு தடவை பறக்க வேண்டும்.

கார்னிவலின் கடைசி நாள் செவ்வாய்க்கிழமை. அன்றைக்குப் பூமித்தாய்க்கு வார்க்காதவன் எங்கள் பக்கத்தில் கிடையாது. வீடு வைத்திருப்பவன் வீட்டுக்கு வார்ப்பான், லாரி வைத்திருப்பவன் லாரிக்கு. கட்டடத் தொழிலாளி தன் கரண்டிக்காவது நாலு சொட்டு பீர் தெளித்து, வண்ணக் காகிதச் சுருள் சுற்றி, மஞ்சள் பூ தூவி வைப்பான். திடலில் மட்டும் அது கூடாது. மேஜருக்கு அது காட்டுமிராண்டித்தனம். போன வருஷம் சமையல் வண்டிக்கு பீர் தெளித்த இருவரை ஒரு வாரம் அடைத்து வைத்தார். ஆனால் செவ்வாயன்று மேஜர் கீழே நகரத்தில் நடனத்துக்குப் போயிருந்தார்.

நாங்கள் கொட்டகையில் கோக்கா இலையை மென்றுகொண்டு சும்மா உட்கார்ந்திருந்தோம். லெப்டினன்ட் பனியாகுவா உள்ளே வந்தார். புதன்கிழமை பறக்க வேண்டியவர் அவர்தான். சுக்ரே நகரத்துப் பெரிய வீட்டுப் பிள்ளை, வெள்ளைக் கையுறை போடுகிற ரகம். இடது கக்கத்தில் ஒரு தகர டப்பா, வலது கையில் காகிதச் சுருள்.

“என்னப்பா, ஊரே வார்க்குது. நம்ம பொண்ணுக்கு மட்டும் ஒண்ணும் கிடையாதா?” என்றார். விமானத்தை அவர் பொண்ணு என்றுதான் சொல்வார்.

தொரிபியோ என்னைப் பார்த்தான். நான் டப்பாவைப் பார்த்தேன்.

“இது நம்ம லெப்டினன்ட் ஐயாதானா?” என்றான் தொரிபியோ. “போன வருஷம் எங்களைப் பார்த்து, உங்க சாமிக்குத் தாகம் எடுத்தா தண்ணி குடிக்கச் சொல்லுன்னீங்க.”

“போன வருஷம் ரொக்கா உயிரோட இருந்தான்.”

அதற்குமேல் யாரும் கேலி பேசவில்லை. அவருக்குப் பயம். பயம் வந்தால் பெரிய வீட்டுப் பிள்ளையும் எங்கள் சாமியிடம்தான் வருவான், வழி தெரியாமல் தட்டுத்தடுமாறி வருவான்.

“டப்பாவுல என்னங்க?” என்றேன்.

“சுத்தச் சாராயம். தண்ணி கலக்காதது. கிடங்கிலேருந்து எடுத்தேன்.”

“பீர் போதுமே ஐயா. நாலு சொட்டுதானே.”

“பூமித்தாய்கிட்டயே கஞ்சத்தனமா? உங்க ஆத்தா இல்லையா அவ? என் உயிரு விஷயம், ஃபெர்மின். நல்லா ஊத்து.”

ஊற்றினோம். முறைப்படி முதலில் மண்ணுக்கு, அப்புறம் சக்கரங்களுக்கு, அப்புறம் மூக்கிலிருக்கும் விசிறிக்கு. அதோடு விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. ஏணியைப் போட்டு ஏறி, இரண்டு தட்டு இறக்கையில் மேல்தட்டின் நாலு பக்கமும் தன் கையாலேயே கவிழ்த்தார். சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே துணி லேசாகக் குழிந்திருக்கும். அந்தக் குழிகளில் சாராயம் தேங்கி நின்றது. அதன்மேல் பூவைத் தூவினார். காகிதச் சுருளைச் சுற்றினார். எங்கள் பாஷையில் ஒரு வார்த்தைகூடத் தெரியாதவர், எங்களைப் பார்த்துப் பார்த்து உதட்டை அசைத்தார்.

சாராயம் வார்னிஷைக் குழைக்கும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. எப்படித் தெரியும்? கையில் சாராயம் கிடைத்தால் அதை இறக்கையில் ஊற்றிப் பார்க்கிற முட்டாள் யார்? அதுவரை எங்கள் பக்கத்தில் யாரும் எதற்கும் சுத்தச் சாராயத்தை அப்படிக் கவிழ்த்ததில்லை. பீர் என்றால் காய்ந்து போயிருக்கும். இது பணக்காரன் பக்தி.

மிச்சத்தை மூன்று பேரும் குடித்துவிட்டுப் படுத்தோம்.

புதன்கிழமை விடிந்ததும் பூவையும் காகிதத்தையும் துடைத்து எடுக்க ஏணியில் ஏறினேன். மேஜர் வருவதற்குள் ஒரு இதழ்கூட இருக்கக்கூடாது. பூவைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. தேன் கொட்டினது மாதிரி ஒட்டியிருந்தது. சுரண்டினேன். பூவோடு வார்னிஷும் வந்தது, பால் ஆடை மாதிரி. காகிதச் சுருளின் சிவப்பும் நீலமும் துணியில் இறங்கியிருந்தன. நல்ல இறக்கையை விரலால் சுண்டினால் பறை மாதிரிச் சத்தம் வரும். சுண்டினேன். ஈரத் தலையணையைத் தட்டினது மாதிரி இருந்தது. விரலை வைத்து அழுத்தினேன். துணி உள்ளே போனது, திரும்ப வரவில்லை.

தொரிபியோவைக் கூப்பிட்டேன். ஏறிப் பார்த்தான். இறங்கினான். கைகளைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

“கும்பாத்ரே, நான் ஒண்ணும் பார்க்கலை” என்றான்.

“பார்த்தே.”

“பார்க்கலைங்கிறேன். நீயும் பார்க்கலை. அந்த ஆளு ஏறுவான், ஒரு சுத்துச் சுத்துவான், இறங்குவான். ஜெனரல் கை தட்டுவாரு. சாயங்காலம் நாம மூட்டையைத் தூக்கிட்டு நடக்கிறோம். என் அம்மா படுக்கையில கிடக்குறா, தெரியுமில்ல?”

“துணி கிழிஞ்சா?”

“ஒரு வருஷமா கிழியலை.”

“ஒரு வருஷமா அது குடிக்கலை.”

சிரிக்க வேண்டிய பேச்சுதான். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. புது வார்னிஷ் பூசினால் காய இரண்டு நாள் வேண்டும். அதுவும் இருந்தால்தானே. கடைசி டப்பா கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே தீர்ந்துபோய், அடுத்தது கப்பலில் எங்கேயோ வந்துகொண்டிருந்தது.

நான் லெப்டினன்டிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் செத்தால் முதலில் கட்டிவைக்கப்படுகிறவன் தைத்தவன்தான். சொல்லிவிட்டால் அவர் பாடு.

அவர் அப்போதுதான் பூசையிலிருந்து வந்திருந்தார். நெற்றியில் பாதிரியார் போட்ட சாம்பல் சிலுவை. இறக்கையை அழுத்திப் பார்த்தார். குழி விழுந்தது. இன்னொரு இடத்தில் அழுத்தினார். அங்கேயும் விழுந்தது. அப்புறம் கையை எடுத்துக்கொண்டார்.

“மேஜர்கிட்ட நீங்கதான் சொல்லணும்” என்றேன்.

“என்னன்னு சொல்ல? ராத்திரி மழையில நனைஞ்சுதுன்னா?”

“கொட்டகைக்குள்ளதான் இருந்துது. மேஜருக்கும் தெரியும்.”

“அப்போ என்ன சொல்லச் சொல்றே? அரசாங்க விமானத்துக்கு அரசாங்கச் சாராயத்தை ஊத்திப் பூசை போட்டேன்னா? பட்டையைப் பிடுங்கிட்டு அனுப்பிடுவாங்கடா. எங்கப்பா என்னை வீட்டுக்குள்ளயே விடமாட்டாரு.”

“உயிரு போனாலும் வீட்டுக்குள்ள விடமாட்டாங்க ஐயா.”

என்னை முறைத்தார். நான் கீழே பார்க்கவில்லை. பத்து மாதம் சும்மா வேலை பார்த்தவனுக்கு முறைப்பெல்லாம் உறைக்காது.

“தனியாத்தான் போறேன்” என்றார் கடைசியில். “பின்னாடி ஆள் இல்லைன்னா கனம் குறையும். விளிம்புக்கு முன்னாலேயே தூக்கிடும். தாழ்வா ஒரே ஒரு சுத்து. இறங்கிடறேன். அதுவரைக்கும் நிக்கிற மாதிரி ஏதாவது பண்ணு.”

ஏதாவது பண்ணு. எனக்குத் தெரிந்த ஒன்றைப் பண்ணினேன். ஜரிகை அங்கிக்கு விறைப்பு வர உருளைக்கிழங்கு மாவைக் காய்ச்சித் தடவுவோம். சமையல்காரனிடம் மாவு வாங்கிக் கஞ்சி காய்ச்சினேன். மோசமாக இருந்த இடங்களில் துண்டுத் துணி வைத்துத் தைத்து, கஞ்சியைத் தடவி, வெயிலில் தள்ளி நிறுத்தினோம். மேலே ஒரு விறைப்பு வந்தது. பார்வைக்குச் சரி. பார்வைக்கு மட்டும்.

காலையில் குளிர்ந்த காற்று கொஞ்சம் தடிப்பு. அதனால் விடிந்த உடனே பறப்பதுதான் எங்கள் வழக்கம். ஜெனரலுக்கு நடனக் களைப்பு. அவர் மோட்டார் மேட்டில் ஏறும்போது உச்சி வெயில். இருந்த கொஞ்சக் காற்றும் சூடேறி மெலிந்து கிடந்தது. நெற்றியில் சாம்பலோடு வரிசையாக நின்றோம். ஜெனரலுக்குத் தூக்கமில்லாமல் கண் சிவந்திருந்தது. மேஜர் எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினார். லெப்டினன்ட் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. தொரிபியோ விசிறியில் கை வைத்தாகிவிட்டது.

மேஜர் இறக்கைப் பக்கம் போய் நின்றார்.

“இது என்ன புதுத் தையல்?”

“கொட்டகைக் கதவு ஆணி கிழிச்சுருச்சு மேஜர்” என்றார் லெப்டினன்ட். “காலையில தைச்சோம்.”

“தைச்சவன் எங்கே?”

நான் ஒரு அடி முன்னால் வைத்தேன்.

“பின் இருக்கை ஏன் காலியா இருக்கு? விதி மறந்துபோச்சா?”

அந்த விதி மேஜரே போட்டது. பழுது பார்த்தவன் அடுத்த பறப்பில் பின்னால் உட்கார வேண்டும். அப்போதுதான் ஒழுங்காக வேலை செய்வான் என்பது அவர் கணக்கு. தொரிபியோ பல தடவை போயிருக்கிறான். ஒட்டுத் தையல் என்று நான் எதையும் அதுவரை போட்டதில்லை, முழு இறக்கைத் துணியையும்தான் மாற்றுவேன், அதுவும் பறப்பு இல்லாத மாதங்களில். அதனால் தப்பித்துக்கொண்டிருந்தேன்.

“கனம் கூடும் மேஜர். இந்த வெயில்ல…” என்று லெப்டினன்ட் ஆரம்பித்தார்.

“ஏன், இவன் தையலை நீங்களே நம்பலையா?”

ஜெனரல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். லெப்டினன்ட் வாயை மூடிக்கொண்டார். நான் ஏறினேன்.

தொரிபியோ அருகில் வந்து என் இடுப்புப் பட்டையை இறுக்கினான். அவன் முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. காலையில் ஒன்றும் பார்க்காதவன் இப்போது எல்லாவற்றையும் பார்த்தான்.

“கும்பாத்ரே, பசிலியாகிட்ட ஏதாவது சொல்லணுமா?”

“சிமியோனை நம்பாதேன்னு சொல்லு.”

விசிறியைச் சுற்றிவிட்டான். எந்திரம் இருமி, புகைவிட்டு, பிடித்துக்கொண்டது.

அது பயிற்சி விமானம். முன் இருக்கையில் இருக்கும் பிடிகளெல்லாம் பின் இருக்கையிலும் உண்டு. இரண்டும் கம்பியால் பிணைந்தவை. முன்னால் வேகப் பிடியைத் தள்ளினால் பின்னால் இருப்பதும் தானே முன்னால் போகும். லெப்டினன்ட் தள்ளினார். என் இடது முழங்கைப் பக்கத்தில் பிடி, பேய் தொட்டது மாதிரி, தானே நகர்ந்தது.

ஓடினோம். எலும்பெல்லாம் குலுங்கியது. என் தலைக்கு மேலேதான் அந்த இறக்கை. அண்ணாந்து பார்த்தால் அடிப்பக்கம் தெரியும், கொஞ்சம் சாய்ந்தால் மேல்பக்கத்தின் ஓரமும் தெரியும். முதலில் ஒன்றும் இல்லை. வேகம் கூடக் கூட நான் ஒட்டின துண்டுகளுக்கு நடுவே துணி மேலே உப்பியது. தூங்குகிறவன் வயிறு மாதிரி உப்பி இறங்கியது. அப்புறம் இறங்கவில்லை, உப்பினபடியே நின்றது. கஞ்சி விறைப்பு பொரிந்து வெள்ளைத் தூளாக என் முகத்தில் கொட்டியது. ஒரு தையல் விட்டது. அடுத்தது விட்டது. என் தையல். நான் தைத்த தையல் அதற்கு முன் விட்டதே இல்லை.

சக்கரம் இன்னும் தரையில்தான். வால் தூக்கிவிட்டது, உடம்பு தூக்கவில்லை. என் கனம். விளிம்புக்குக் கொஞ்சம் முன்னால் சுண்ணாம்பு அடித்த கற்கள் ஒரு வரிசை உண்டு. அதற்குள் நிறுத்தினால் நின்றுவிடலாம். அதைத் தாண்டினால் பள்ளத்தில் விழுந்துதான் வேகம் பிடிக்க வேண்டும். விழுகிற வேகத்துக்கு அந்தத் துணி நிற்குமா என்பதுதான் கேள்வி.

துணி நின்றால் அன்று சாயங்காலம் நான் வீட்டுக்கு நடந்திருப்பேன். ஈஸ்டருக்குப் பெரியவர்கள் முன்னால் நின்றிருப்பேன். சிமியோன் முகத்தைப் பார்த்திருப்பேன். இதெல்லாம் எனக்கு அந்த நேரத்தில் தெளிவாகவே தெரிந்தது, பதற்றத்தில் செய்தேன் என்று சொல்லமாட்டேன். வெள்ளைக் கற்கள் வந்தன. முழங்கைப் பக்கத்துப் பிடியைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன்.

எந்திரம் அடங்கியது. வால் பொத்தென்று விழுந்தது. ஒரு குழியில் சக்கரம் சிக்கி உடைந்தது, விமானம் பக்கவாட்டில் சுழன்று, ஒரு இறக்கை முனையால் தரையைக் கீறிக்கொண்டு நின்றது. புழுதி முன்னால் போய் விளிம்பைத் தாண்டி விழுந்தது. கீழே நகரத்தில் எங்கேயோ சாம்பல் புதனுக்கு மணி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

லெப்டினன்ட் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

“பிடியை யாரு இழுத்தது?”

“உங்க கையிலதானே ஐயா இருந்துது.”

“உன் கையிலயும் இருந்துது.”

ஒன்று சொல்லவேண்டும். ஒருவன் முன்னால் இறுக்கிப் பிடித்திருந்தால் பின்னால் இழுக்கிறவனுக்கு அது தெரியும். நான் இழுத்தபோது பிடி வெண்ணெயில் கத்தி மாதிரி வந்தது. அவர் கையை விட்டிருந்தாரா, எனக்கு முன்னாலேயே இழுக்க ஆரம்பித்திருந்தாரா, எனக்குத் தெரியாது. அவருக்கும் என்னைப் பற்றி அதே சந்தேகம் இருந்திருக்கலாம். கேட்டுத் தெளிந்துகொள்ள இரண்டு பேருக்கும் இஷ்டமில்லை.

“எந்திரம் மூச்சை விட்டுருச்சு” என்றார். “புரியுதா ஃபெர்மின்? நாம வேகத்துல இருந்தோம், எந்திரம் தானா அடங்கிருச்சு.”

“புரியுது.”

மோட்டாரில் வந்து சேர்ந்தார்கள். லெப்டினன்ட் இறங்கி சல்யூட் அடித்துச் சொன்னார். ஜெனரல் தலையாட்டினார். இந்த உயரத்துக்கு இந்த எந்திரம் பத்தாது என்று நான் அப்போதே சொன்னேனே என்றார். எப்போது சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. என்னைக் காட்டி, “இவன் பயந்துட்டானா?” என்று கேட்டார்.

“இல்லை ஜெனரல். சத்தமில்லாம உட்கார்ந்திருந்தான்.”

மேஜர் இறக்கைக்குப் போனார். கையுறையைக் கழற்றினார். விரலால் அழுத்தினார், குழி விழுந்தது. விரலை மூக்கருகே கொண்டுபோனார். அவர் முதுகு விறைப்பதை நான் பார்த்தேன். நடனத்துக்குப் போய்வந்தவருக்கு அந்த வாசனை தெரியாதா? தையலின் இடுக்கில் ஒரு மஞ்சள் இதழ் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கிள்ளி எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். ஜெனரலிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் திடலில், அவர் கொட்டகையில், அவர் ஊரில் இல்லாத நாளில் நடந்தது. சொன்னால் அவரும்தான் மாட்டுவார்.

ஜெனரலின் மோட்டார் போன பிறகு எங்களிடம் வந்தார்.

“விமானம் பறக்கலை. தாள் கிடையாது.”

“மேஜர்” என்றார் லெப்டினன்ட், “இதுல இவங்க தப்பு ஒண்ணும் இல்லை.”

“சரி. அப்போ யார் தப்புன்னு சொல்லுங்க. நான் இவங்களுக்குத் தாள் குடுத்துடறேன்.”

லெப்டினன்ட் பனியாகுவா எங்களைப் பார்த்தார். மேஜரைப் பார்த்தார். ஒரு வாக்கியம் போதும். வாய் திறந்ததுகூட எனக்கு ஞாபகம். அப்புறம், இறங்கும்போது தரையில் விழுந்திருந்த தன் வெள்ளைக் கையுறையைக் குனிந்து எடுத்துத் தூசி தட்ட ஆரம்பித்தார். நான் அவரிடம் அதற்குமேல் எதிர்பார்க்கவும் இல்லை.

விமானத்தை நாங்கள்தான் இழுத்துவர வேண்டும். திடல் முழுநீளம். உடைந்த சக்கரத்தின் பக்கம் ஒரு கட்டையைக் கட்டி, ஆளுக்கொரு கயிறு. பாதி வழியில் ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது. மாலை முழுக்கத் தொரிபியோ என்னோடு பேசவில்லை. லெப்டினன்டும் கூடவே கயிறு இழுத்தார், அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அடுத்த மாதம் அவரைக் கீழ்நாட்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

ஈஸ்டருக்கு முன் பெரியவர்கள் கூடினார்கள். என் பங்கு சிமியோனுக்குப் போனது. நான் திரும்பிப்போனபோது அவன் அதில் மதில் கட்டியிருந்தான். நான் மறுபடி ஜரிகை தைக்கப் போனேன். அந்தப் பேச்சு அவ்வளவுதான்.

ஆனால் சாம்பல் புதனுக்கு மறுநாள், அந்த வியாழக்கிழமையைச் சொல்லவேண்டும். கெட்டுப்போன துணியை உரித்து எடுக்கும்படி மேஜர் உத்தரவு போட்டிருந்தார். நான் கத்தியால் சட்டத்தின் ஓரமாக அறுத்துக்கொண்டே போனேன். தொரிபியோ கீழே நின்று அறுந்த துணியை வாங்கினான். பூ ஒட்டியிருந்த பெரிய துண்டு ஒன்று அவன் கைக்குப் போனது. அதைக் கீழே போடாமல் வைத்துக்கொண்டான்.

“நீதானே இழுத்தே?” என்றான்.

“ஆமா.”

“ரெண்டு பேருக்கும் ஒரு வருஷம்.”

“ஆமா.”

“இது நின்னுருக்கும்னா?”

நான் அறுப்பதை நிறுத்தினேன். அவன் துணியின் ஒரு ஓரத்தைத் தன் முஷ்டியில் சுற்றிக்கொண்டு, மற்ற ஓரத்தை என் பக்கம் நீட்டினான்.

“பிடி” என்றான். “ரெண்டு பேரும் இழுத்துப் பார்ப்போம். கிழிஞ்சா உன்னை ஒண்ணும் கேக்கமாட்டேன்.”

“கிழியலைன்னா?”

அவன் நீட்டின கையை மடக்கவில்லை. நான் ஏணியிலிருந்து இறங்கி அந்த ஓரத்தைப் பிடித்தேன். ஈரமாக, பிசுபிசுவென்று இருந்தது. நானும் முஷ்டியில் சுற்றிக்கொண்டேன். அவன் அம்மா ஈஸ்டரைத் தாண்டமாட்டாள் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். துணி நடுவே தொய்ந்து தொங்கியது. இருவரும் காலை ஊன்றிக்கொண்டோம்.

அப்படியே கொஞ்ச நேரம் நின்றோம். மேட்டில் சும்மா நின்றாலே மூச்சு வாங்கும்.

அவன்தான் முதலில் கையைத் தளர்த்தினான். முஷ்டியிலிருந்து துணியைப் பிரித்து, சுருட்டி, குப்பைமேல் எறிந்தான்.

“விடு” என்றான். “கிழிஞ்சாலும் ஒரு வருஷம், கிழியலைன்னாலும் ஒரு வருஷம். ஏறு கும்பாத்ரே, அந்தப் பக்கம் இன்னும் அறுக்கணும்.”